அலபாமா பல்கலையின் ரஷ் வாரம்: பதிவுக் கட்டணம் கட்டுமுன் படிக்க ஒரு மதிப்பீடு

ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்குமுன் அந்த அமெரிக்கப் பல்கலை இருக்கும் டஸ்கலூசாவில் நடக்கும் சொராரிட்டி (மாணவியர் சங்க) ஆள்சேர்ப்பை, அதாவது ரஷ்ஷை, பலரும் டிக்டாக் வழியாகத்தான் அறிவார்கள். 2021 ஆகஸ்டில் 'பாமா ரஷ்' வீடியோக்கள் உலகம் முழுக்கச் சுற்றின. மாணவிகள் கேமரா முன் நின்று, போட்டிருக்கும் சட்டை எந்தக் கடை, வளையல் எந்தக் கடை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அந்த வீடியோக்களால் ஒரு முக்கியமான விஷயம் மறைந்துவிட்டது. ரஷ் என்பது பணம் கட்டிப் பதிவு செய்யும் ஒரு சேவை. அதற்கு விதிகள் உண்டு, கணக்கு உண்டு, கடைசியில் கையெழுத்துப் போடும் ஒப்பந்தமும் உண்டு. இங்கே மதிப்பிடுவது அந்தச் சேவையைத்தான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆயிரக்கணக்கான பெண்களையும் 'வீடுகள்' எனப்படும் சங்கங்களையும் பொருத்தும் முறைக்கு 5க்கு 4. செலவை முன்கூட்டி விளக்கும் விதத்துக்கு 5க்கு 2. உடைக்காகவும் ஆலோசனைக்காகவும் குடும்பங்கள் வெளியே கொட்டும் பணத்தில் பெரும்பகுதி வீண்.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு: சொராரிட்டி என்பது கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவியர் சங்கம். அதற்குச் சொந்த வீடு, சமையலறை, வீட்டோடு தங்கும் 'ஹவுஸ் மதர்', வெளியே சொல்லக் கூடாத சடங்கு எல்லாம் உண்டு. ஒருமுறை சேர்ந்தால் வாழ்நாள் உறுப்பினர். இந்தச் சங்கங்களில் பலவற்றின் வேர் தெற்கு மாநிலங்களில் இருக்கிறது. ஆல்ஃபா டெல்டா பை 1851இலும் ஃபை மியூ 1852இலும் ஜார்ஜியாவின் மேக்கனில் ஒரே கல்லூரியில் தொடங்கியவை. கை ஒமேகா 1895இல் ஆர்கன்சாவில் பிறந்தது. கப்பா டெல்டா (1897), ஸீட்டா டௌ ஆல்ஃபா (1898) இரண்டும் வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரைச் சேர்ந்தவை. அலபாமா பல்கலையில் முதலில் கால் ஊன்றியது கப்பா டெல்டா, 1904இல். இத்தகைய 26 சங்கங்களின் பொதுக் கூட்டமைப்பு 1902இல் உருவான தேசிய பான்ஹெலனிக் மாநாடு. ரஷ் வாரத்தின் அடிப்படை விதிகள் அங்கிருந்தே வருகின்றன.

இந்த வளாகத்தில் அண்மை ஆண்டுகளில் பதிவு செய்பவர்கள் 2,500 பேர் அளவில் இருக்கிறார்கள். ஒரு வீடு ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட புதியவர்களை எடுத்துக்கொள்ளும். இவ்வளவு பேரை ஒரு வாரச் சொச்சத்தில் பொருத்த வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், வெளியிலிருந்து கொடூரமாகத் தெரியும் பல விஷயங்களுக்குக் காரணம் புரியும்.

சுற்றுகள்

சுற்றுகள் நான்கு: அறிமுகம், தொண்டு, சகோதரித்துவம், பிரிஃபரன்ஸ் எனப்படும் கடைசி விருப்பச் சுற்று. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மாணவி தான் பார்த்த வீடுகளை விருப்ப வரிசையில் பதிகிறாள். வீடுகளும் அவரவர் பட்டியலைக் கொடுக்கின்றன. இரண்டையும் கணினி பொருத்தி, அடுத்த சுற்றில் யார் எங்கே போக வேண்டும் என்று அட்டவணை தருகிறது. சுற்றுக்குச் சுற்று வீடுகளின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்து, பிரிஃபரன்ஸ் சுற்றில் அதிகபட்சம் 2 வீடுகள்.

வீட்டுக்குள் நடக்கும் உரையாடலை உள்ளே இருப்பவர்கள் 'பம்பிங்' என்பார்கள். கதவு திறந்ததும் வாசல் நிறைய, தரையிலிருந்து நிலையின் மேல்விளிம்பு வரை அடுக்கினாற்போல் உறுப்பினர்கள் நின்று கைதட்டிப் பாடுவார்கள். பாட்டு முடிந்த கணத்தில் வரிசையிலிருக்கும் ஒவ்வொரு மாணவியையும் ஓர் உறுப்பினர் கைபிடித்து உள்ளே அழைத்துப் போவார். சில நிமிடம் பேச்சு. பிறகு இன்னொரு உறுப்பினர் வந்து சேர்வார். முதலாமவர், "இவள் ஹன்ட்ஸ்வில்லிலிருந்து வந்திருக்கிறாள், செவிலியர் படிப்பு, பள்ளியில் நீச்சல் அணியில் இருந்தவள்" என்று ஒரே மூச்சில் சொல்லி ஒப்படைத்துவிட்டு நகர்வார். போனவர் அடுத்த மாணவியிடம் போகிறார். அந்தச் சுற்று கலைந்ததும் தான் பேசியவர்கள் எல்லோருக்கும் மதிப்பெண் போடுகிறார்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. நீங்கள் சொன்னது கைமாறிப் போகும், ஆகவே கைமாறும்படி சொல்ல வேண்டும். "எனக்கு எல்லாமே பிடிக்கும்" என்று சொன்னால் அடுத்தவரிடம் ஒப்படைக்க முதலாமவருக்கு எதுவும் கிடைக்காது. நினைவில் நிற்கும் ஒரு சின்னச் செய்தி போதும்: வீட்டில் தேனீ வளர்க்கிறோம், பள்ளி இசைக்குழுவில் டிராம்போன் வாசித்தேன். ஆண் நண்பர்கள், மது, மதம், பணம், அரசியல் ஆகிய ஐந்தையும் பேச்சில் தவிர்ப்பது பழைய வழக்கம். இன்றும் அதைக் கடைப்பிடிப்பதே நல்லது.

தொண்டுச் சுற்றில் ஒவ்வொரு வீடும் எந்தப் பணிக்கு நிதி திரட்டுகிறது என்று காட்டும். ட்ரை டெல்டா என்றால் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை. கை ஒமேகா என்றால் மேக்-எ-விஷ். ஆல்ஃபா டெல்டா பை என்றால் ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ். டெல்டா காமா பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகவும் சிக்மா கப்பா அல்ஸைமர் நோய் ஆய்வுக்காகவும் உழைக்கின்றன. இதை மனப்பாடம் செய்துகொண்டு போவதால் பெரிய பயன் இல்லை. "போன வருட நிகழ்ச்சியில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே வேலை செய்தவர் யார், டி-ஷர்ட் மட்டும் போட்டவர் யார் என்று தெரிந்துவிடும்.

சகோதரித்துவச் சுற்றில் வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். பணத்தைப் பற்றிய விவரங்களையும் இந்தச் சுற்றுக்குள் தெரிந்துகொண்டுவிட வேண்டும். வீட்டுக்குள் பணப்பேச்சு வேண்டாம் என்று மேலே சொன்னது வசதி, வருமானம் பற்றிய பேச்சுக்குத்தான். கட்டண விவரத்தை உங்கள் குழுவுக்கு ஏற்பாட்டாளர்கள் தரும் மாணவி ஆலோசகரிடமோ, ரஷ்ஷை நடத்தும் பான்ஹெலனிக் அலுவலகத்திலோ கேட்பதில் தவறே இல்லை.

பிரிஃபரன்ஸ் முற்றிலும் வேறு மாதிரி. விளக்குகள் மங்கும், பாட்டின் வேகம் குறையும், மெழுகுவத்தி எரியும். மூத்த மாணவிகள் இந்த வீடு தங்களுக்கு என்ன செய்தது என்று பேசுவார்கள், சிலர் அழுவார்கள். கேட்கும் மாணவியும் பெரும்பாலும் அழுவாள். பல நாள் சரியாகத் தூங்காத உடம்பு, அதிலும் இந்தச் சூழல். அங்கிருந்து வெளியே வந்த சூட்டிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைக்கிறார்கள். இந்த முறையின் மிகப் பெரிய குறை இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கணக்கு எப்படி ஓடுகிறது

"முதல் நாள் அவ்வளவு அன்பாகப் பேசினார்கள், மறுநாள் பட்டியலில் அந்த வீடே இல்லை" என்பதுதான் அதிகம் கேட்கும் புலம்பல். காரணம் 2003 வாக்கில் தேசிய அளவில் கொண்டுவந்த ஒரு கணக்கு முறை. ஒவ்வொரு வீடும் அடுத்த சுற்றுக்கு எத்தனை பேரை அழைக்கலாம் என்பதை அந்த வீடு தீர்மானிப்பதில்லை. முந்தைய ஆண்டுகளில் அழைத்தவர்களில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தார்கள் என்பதைப் பார்த்து ஒரு நிபுணர் எண்ணை நிர்ணயிக்கிறார்.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். இரண்டு வீடுகளுக்கும் அடுத்த சுற்றில் 300 பேர் வேண்டும். முதல் வீடு அழைத்தால் 100க்கு 95 பேர் வருகிறார்கள், ஆகவே அது சுமார் 316 பேரைத்தான் அழைக்க முடியும். இரண்டாவது வீட்டுக்கு 100க்கு 60 பேர் வருகிறார்கள், ஆகவே அது 500 பேரை அழைக்கலாம். பெயர் பெற்ற வீடு, தனக்குப் பிடித்துப்போன நூற்றுக்கணக்கானவர்களையும் சேர்த்துத்தான் முதல் இரவே வெட்டியாக வேண்டும். இது வன்மம் அல்ல, வகுத்தல் கணக்கு. பழைய முறையில் அதே வீடு கடைசி நாள் வரை நம்பிக்கை கொடுத்து இழுத்து, இறுதியில் கைவிட்டது. அதைவிட இது நியாயமானது. நாங்கள் 5க்கு 4 கொடுத்தது இதற்காகத்தான்.

கடைசிப் பொருத்தம் இப்படி நடக்கிறது. எல்லா வீடுகளுக்கும் ஒரே கோட்டா. ஒவ்வொரு வீடும் கோட்டா அளவுக்கு ஒரு முதல் பட்டியலும், அதற்குக் கீழே வரிசை எண்ணோடு ஓர் இரண்டாம் பட்டியலும் கொடுக்கும். மாணவி தன் 2 வீடுகளை வரிசைப்படுத்துகிறாள். அவளுடைய முதல் விருப்ப வீட்டின் முதல் பட்டியலில் அவள் பெயர் இருந்தால் அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் இரண்டாவது விருப்ப வீட்டைப் பார்ப்பார்கள். ஏதாவது வீட்டில் இடம் காலியாகும்போது இரண்டாம் பட்டியலிலிருந்து ஆட்கள் மேலே நகர்வார்கள்.

இதில் பலர் செய்யும் தவறு, ஒரே ஒரு வீட்டை மட்டும் எழுதிக் கொடுப்பது. "இந்த வீடு இல்லாவிட்டால் எதுவுமே வேண்டாம்" என்று எழுதினால் அந்த வீடு தன் மேல் கூடுதல் அக்கறை காட்டும் என்று நினைக்கிறார்கள். வீட்டுக்கு அது தெரியவே தெரியாது. பட்டியலில் ஓர் இடம்கூட மேலே போகாது. கையிலிருந்த பாதுகாப்பு மட்டும் போகும். ஒவ்வொரு சுற்றிலும் கிடைத்த எல்லா அழைப்புகளுக்கும் போய், கடைசியில் கிடைத்த எல்லா வீட்டையும் எழுதியவள் பொருந்தாமல் போனால், கோட்டாவுக்கு மேலேயும் அவளைச் சேர்க்க விதியில் இடம் உண்டு. ஒன்றை மட்டும் எழுதியவளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. எழுதிக் கொடுத்த வீடு கிடைத்தபின் "வேண்டாம்" என்றால், அந்த வளாகத்தில் அடுத்த ஆண்டு ரஷ் வரை கூட்டமைப்பின் வேறெந்தச் சங்கத்திலும் சேர முடியாது. ஆகவே ஒரு வீட்டில் காலடி வைக்கவே மனமில்லை என்றால் அதை எழுதக் கூடாது. மனம் கொஞ்சம் ஊசலாடுகிறது என்றால் எழுதிவிடுவதே சரி. இந்த முடிவை பிரிஃபரன்ஸ் அறையின் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். முந்தைய இரவே, அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

பணம்

பதிவுக் கட்டணம் சில நூறு டாலர். திரும்பக் கிடைக்காது. பெரிய செலவு அதற்குப் பிறகுதான் வருகிறது. அலபாமாவில் வெளியே தங்கிக்கொண்டு உறுப்பினராக இருக்கச் சராசரியாக ஒரு பருவத்துக்கு 4,000 டாலருக்கு மேல் ஆகும். சங்க வீட்டிலேயே தங்கினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். வீட்டுக்கு வீடு மாறும். வீட்டுச் சாப்பாடு பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். முதலாண்டு மாணவிக்குப் பல்கலையின் உணவுத் திட்டமும் இருப்பதால், இரண்டுக்கும் பணம் போகிறதா என்று கணக்கு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அச்சிட்ட கட்டணத்தில் தெரியாதவைதான் சுமை. சேரும் ஆண்டில் மட்டும் வரும் உறுப்பினர் சேர்க்கைக் கட்டணம், பேட்ஜ், கட்டட நிதி, நிகழ்ச்சிக்கு ஒன்றாக ஆண்டு முழுக்க வரும் டி-ஷர்ட்டுகள், புகைப்படம், கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம், நீங்கள் வழிகாட்ட வேண்டிய 'லிட்டில்' எனப்படும் புதியவள் ஒருத்தி வந்ததும் அவளுக்கு வாங்கும் பரிசுகள். இரண்டாம் ஆண்டில் வீட்டில் தங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உண்டா என்றும் கேளுங்கள். உண்டு என்றால், தங்காவிட்டாலும் அறைக் கட்டணம் உங்கள் தலையில் விழலாம். இந்த விவரங்கள் எல்லாம் பதிவுப் பக்கத்தின் முதல் வரியில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இல்லை. 2 மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க மனம் வராதது அதனால்தான்.

உடைக்கு வருவோம். முதல் சுற்றுகளுக்கு ஏற்பாட்டாளர்களே டி-ஷர்ட் கொடுத்துவிடுவதும் உண்டு. மற்ற சுற்றுகளுக்கு வெயில் தாங்கும் சாதாரணக் கவுன் இரண்டு மூன்று, பிரிஃபரன்ஸுக்குச் சற்று மரியாதையான உடை ஒன்று போதும். டஸ்கலூசாவின் ஆகஸ்ட் வெயில் 33, 34 டிகிரியைத் தொடும். காற்றில் ஈரம் வேறு. சென்னை ஆகஸ்டை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டும் சாம்பல் நிறப் பருத்தியும் வியர்வையை அப்படியே காட்டும், அச்சுப்பூ போட்ட துணி மறைக்கும். குதிகால் செருப்பை வீட்டு வாசலில் மாட்டிக்கொள்ளலாம், தெருவில் நடக்கத் தட்டைச் செருப்பு வேண்டும். பையை வெளியே மாணவி ஆலோசகரிடம் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். அதில் கைவிசிறி, பிளாஸ்திரி, தண்ணீர், உப்புச் சேர்ந்த தின்பண்டம் இருக்கட்டும். மயக்கம் போட்டு விழுபவர்கள் அநேகமாகக் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தவர்கள்தான்.

இவர்கள் போக, ஆயிரக்கணக்கான டாலர் வாங்கும் தனியார் ரஷ் ஆலோசகர்களும் தெற்கில் பெருகிவிட்டார்கள். அந்தத் தனியார் ஆலோசகர்களால் மாற்ற முடியாத ஒன்றுதான் முதலில் வெட்டுகிறது: பள்ளி மதிப்பெண். ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) வைத்திருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் எந்தக் கவுனும் காப்பாற்றாது. அடுத்தது சமூக ஊடகக் கணக்குகள். மது விருந்துகளில் புழங்கும் சிவப்புக் கோப்பையோடு இருக்கும் ஒரு படம் போதும், பெயர் அடிபட. அம்மாவோ பாட்டியோ அதே சங்கத்தில் இருந்தார் என்ற சலுகையைச் சில சங்கங்கள் 2020, 2021 வாக்கில் கைவிட்டுவிட்டன. பரிந்துரைக் கடிதங்களும் பல சங்கங்களில் கட்டாயமில்லை. அநாமதேயத் தளங்களில் 'முதல் தரம், இரண்டாம் தரம்' என்று வீடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களைப் படித்துவிட்டு வருபவர்கள், தங்களுக்குப் பொருந்திய வீட்டை இரண்டாம் நாளே கீழே தள்ளிவிடுகிறார்கள்.

2013

இந்தச் சேவையை மதிப்பிடும் எவரும் 2013ஐத் தாண்டிப் போக முடியாது. அலபாமா பல்கலையில் கறுப்பின மாணவர்கள் நிலையாக நுழைந்தது 1963இல். அதற்கு 50 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வீடுகள் ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர் வீடுகளாகவே இருந்தன. 2013 செப்டம்பரில் 'கிரிம்சன் ஒயிட்' மாணவர் பத்திரிகை, தகுதியுள்ள ஒரு கறுப்பின மாணவியைச் சில வீடுகளின் மூத்த முன்னாள் உறுப்பினர்கள் தடுத்ததாக எழுதியது. உள்ளே இருந்த மாணவிகளே பெயர் சொல்லிப் பேசினார்கள். பல்கலையின் அன்றைய தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மீண்டும் திறக்க உத்தரவிட்டார். கறுப்பின மாணவிகளுக்கு அழைப்புகள் போயின, சிலர் சேர்ந்தார்கள். வெளிப்படையான தடை அப்போது உடைந்தது. வீடுகளின் முகம் இன்னும் பெருமளவு வெள்ளைதான். நம் வீட்டுப் பெண்ணை அனுப்புபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அனுப்புவது நல்லது.

வேறு கதவுகளும் உண்டு. கறுப்பினச் சங்கங்களான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா (1908), டெல்டா சிக்மா தீட்டா (1913) போன்றவை இந்த ரஷ் வாரத்தில் பங்கேற்பதில்லை. அவற்றின் சேர்க்கை முறையே தனி. துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட குடும்பத்தின் மகளான கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலையில் 1986இல் சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில்தான். தெற்காசிய மாணவியருக்கென்றே தொடங்கிய கப்பா ஃபை காமா 1998இல் டெக்சாஸின் ஆஸ்டினில் பிறந்தது.

சேர்ந்தபின்

முடிவு தெரியும் நாளான பிட் டே அன்று எல்லோரும் பிரையன்ட்-டென்னி கால்பந்து அரங்கத்தில் குழுக் குழுவாக உட்கார்ந்து, எந்த வீடு கிடைத்தது என்று சொல்லும் உறையை ஒரே நேரத்தில் பிரிக்கிறார்கள். பிரித்ததும் ஓட்டம். வீடுகள் அரங்கத்துக்குப் பக்கத்துத் தெருக்களில்தான், மக்னோலியா டிரைவிலும் கலோனியல் டிரைவிலும். வாசலில் புது டி-ஷர்ட்டோடு நிற்பவர்கள் ஓடி வருபவர்களை அப்படியே வாரி அணைத்துக்கொள்வார்கள். இந்த ஒரு நாளைப் பொறுத்தவரை வீடியோக்கள் பொய் சொல்லவில்லை. ஓடுவதற்குக் கட்டிய ஷூ மட்டும் அவசியம்.

அடுத்த சில வாரங்கள் புதிய உறுப்பினர் காலம். 'பிக்' எனப்படும் வழிகாட்டி மூத்தவள் யார் என்று தெரியவரும் நாள், ஹோம்கமிங் எனப்படும் முன்னாள் மாணவர் வரவேற்பு விழாவுக்காகக் கோழிவலைக் கம்பியில் வண்ணத் தாள்களை ஒவ்வொரு ஓட்டையிலும் செருகி ராட்சத அலங்காரம் செய்யும் 'பாம்பிங்' இரவுகள், பிறகு ரகசியச் சடங்கோடு முழு உறுப்பினராவது. எல்லாவற்றிலும் அழகானது மெழுகுவத்தி சுற்றல். யாருக்கோ திருமணம் நிச்சயமாகியிருக்கும், யாருக்கென்று தெரியாது. எல்லோரும் வட்டமாக நிற்க, எரியும் மெழுகுவத்தி பாட்டோடு கைமாறிச் சுற்றும். உரியவள் கைக்கு, உரிய சுற்றில் வரும்போது அவள் ஊதி அணைப்பாள். அந்த நொடி எழும் கூச்சல் தெருக்கோடி வரை கேட்கும்.

இந்தக் காலத்தில் யாராவது குடிக்கச் சொன்னாலோ, தூங்க விடாமல் வேலை வாங்கினாலோ, அவமானப்படுத்தினாலோ அது மரபு அல்ல. அலபாமா சட்டப்படி குற்றம். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தின்படி பல்கலைக்கழகங்கள் இத்தகைய சம்பவங்களைப் பகிரங்கமாக அறிக்கையிட வேண்டும். சேரும் முன்பே அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள்.

உறை கிடைக்காமல் போனவர்களில் சிலர் அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். நிரம்பாத வீடுகள் இலையுதிர் பருவத்தில் தொடர் சேர்க்கை நடத்தும். அது விளம்பரத்தோடு நடப்பதில்லை, காபிக் கடைப் பேச்சாகவோ வீட்டுச் சாப்பாட்டு அழைப்பாகவோ நடக்கும். திங்கட்கிழமை காலையில் பான்ஹெலனிக் அலுவலகத்துக்குப் போய்த் தொடர் சேர்க்கைப் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டும். எந்தெந்த வீட்டில் இடம் இருக்கிறது என்று அங்கேயே கேட்கலாம், சொல்வார்கள்.